திரை கேள்வி பதில்: செத்தவர்களை ஏன் எழுப்புகிறார்கள்?

(சில படங்கள், தொடர்களின் முடிவைச் சொல்லாமல் இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் எழுத முடியாது. பார்க்காதவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போங்கள்.)

கே: அவெஞ்சர்ஸ்: எண்ட்கேமுக்குப் பிறகு வந்த மார்வெல் படங்கள் எதிலும் மனம் ஒட்ட மாட்டேன் என்கிறது. எனக்கு வயதாகிவிட்டதா?

ப: வயதின் மேல் பழி போடாதீர்கள். 2008-ல் அயர்ன் மேனில் தொடங்கி 2019-ல் எண்ட்கேம் வரை 22 படங்கள். கடைசியில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் விரலைச் சொடுக்கிவிட்டுச் செத்துப்போனபோது அத்தனை பேர் அழுதார்கள் என்றால், அந்த ஆள் இனி வரமாட்டான் என்று நம்பித்தான் அழுதார்கள். அப்புறம் ஒரே கதைக்குள் பல உலகங்கள் என்ற மல்டிவெர்ஸைக் கொண்டுவந்தார்கள். இந்த உலகத்தில் செத்தவர் வேறோர் உலகத்திலிருந்து வந்து நிற்கலாம் என்று எப்போது ஆகிவிட்டதோ, அப்போதே யார் விழுந்தாலும் நமக்குப் பதறுவது நின்றுபோனது. டோனியாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரே டாக்டர் டூம் என்ற வில்லனாக வரப்போகிறார் என்று 2024-ல் அறிவித்தார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அருமையான நடிகர், நன்றாகவே செய்வார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முகத்துக்கு நாம் ஒருமுறை விடைகொடுத்தாயிற்று.

கே: அப்படியானால் பழைய ஆட்களைத் திரும்பக் கூட்டி வருவதே தப்பா? ஸ்பைடர்மேன்: நோ வே ஹோமில் மூன்று ஸ்பைடர்மேன்களையும் ஒன்றாகப் பார்த்து நான் கத்தித் தீர்த்தேன்!

ப: நானும் கத்தினேன். அந்தப் படத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். 2014-ல் வந்த தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2-ஐ நினைத்துப் பாருங்கள். மணிக்கூண்டுக்குள் காதலி க்வென் விழுகிறாள், ஸ்பைடர்மேனான பீட்டர் வலை வீசுகிறான், வலையின் நுனி விரல்களை விரித்த கை மாதிரி அவளை நோக்கிப் போகிறது, எட்டிப் பிடித்தும் விடுகிறது, ஆனால் ஒரு நொடி பிந்திவிட்டது. காமிக்ஸில் அவள் 1973-லேயே இறந்தவள் என்று தெரிந்து போனவர்களுக்கும் அந்த இடம் நெஞ்சை அடைத்தது. ஏழு வருடம் கழித்து நோ வே ஹோமில் அந்தப் பீட்டராக நடித்த அதே ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் வருகிறார். இன்னொரு ஸ்பைடர்மேனின் காதலி எம்ஜே உயரத்திலிருந்து விழும்போது அவரே பாய்ந்து அவளை அணைத்துக்கொண்டு தரையில் இறங்குகிறார். உனக்கு ஒன்றும் இல்லையே என்று அவர் கேட்க, அவரது முகத்தைப் பார்த்துவிட்டு அவள் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறாள். கண்ணில் நீர் தளும்பத் தலையை மட்டும் ஆட்டுகிறார். க்வென்னை யாரும் எழுப்பவில்லை, கவனித்தீர்களா? அவளை இழந்தவனைத்தான் அழைத்து வந்தார்கள். கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி மூன்றாம் பாகத்திலும் இதே நேர்மை உண்டு. வேறு காலத்திலிருந்து வந்த கமோரா நாயகன் குவில்லைக் கடைசி வரை காதலிப்பதில்லை. அவன் காதலித்த பழைய கமோரா செத்துப் போய்விட்டாள், அவ்வளவுதான்.

கே: மார்வெலா, டிசியா?

ப: 1992-ல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடருக்காக டிசி பக்கம் ஒரு ஓட்டு கூடுதலாகப் போடுவேன். ஹார்லி க்வின் என்ற பாத்திரமே அந்தத் தொடருக்காகப் பிறந்து, அப்புறம்தான் காமிக்ஸுக்குள் போனாள்.

கே: மார்வெல் படங்கள் சினிமாவே இல்லை, தீம் பார்க் என்று இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி சொன்னாரே, உங்களுக்குக் கோபம் வரவில்லையா?

ப: இல்லை. 2019-ல் அவர் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையையும் படித்துவிட்டுப் பேசுங்கள். இந்தப் படங்களில் எதையும் இழக்கும் அபாயமே இல்லை என்பது அவருடைய முக்கியமான குறை, அதைத்தானே நாமும் மேலே பேசிக்கொண்டிருக்கிறோம்? ஆனால் எல்லாப் படத்துக்கும் அது பொருந்தாது. 2017-ல் வந்த லோகனைப் பாருங்கள். காயம் ஆறாத வுல்வரின் என்ற லோகன், மூளை நோயால் தன் சக்தியே கட்டுக்குள் நிற்காத முதியவர் சார்லஸ், அவருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்வதும் லோகன்தான் என்று அது ஒரு வயதான அப்பாவும் மகனும் மாதிரியான கதை. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததும் நியாயம்தான். கடைசியில் லோகனைப் புதைத்த அந்தக் கல்லறையைத் தோண்டி எலும்பை எடுத்துத்தான் 2024-ல் டெட்பூல் & வுல்வரின் தொடங்கியது. எத்தனையோ பேர் சிரித்தார்கள், என்னால் முடியவில்லை.

கே: உங்களுக்குப் பிடித்த வில்லன்?

ப: மலையாளப் படமான மின்னல் முரளியின் ஷிபு. ஒரே இரவில் இரண்டு பேர் மேல் மின்னல் விழுகிறது, ஒருவன் நாயகன் ஆகிறான், இன்னொருவனை ஊர் ஒதுக்கி ஒதுக்கியே வில்லனாக்குகிறது. ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் அழுதால் நமக்கும் அழுகை வருகிறது, அவர் நெருப்பு வைத்தாலும் வெறுக்க முடியவில்லை.

கே: சினிமாவை விட டிவி தொடர்கள்தான் இப்போது தரம் என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஏற்கிறீர்களா?

ப: எல்லாத் தொடரையும் அல்ல. ஆனால் ஒரு செயலுக்கான விலையை வருடக்கணக்கில் காத்திருந்து வசூலிக்கத் தொடரால் முடிகிறது. பிரேக்கிங் பேடில் கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலி ஜேன் போதையில் மூச்சுத் திணறிச் சாகும்போது நாயகன் வால்டர் பக்கத்திலேயே நிற்கிறான். ஒரு கை உதவினால் போதும், உதவவில்லை. இரண்டாம் சீசன் அது. மகளை இழந்த ஜேனின் அப்பா விமானக் கட்டுப்பாட்டு வேலைக்குத் திரும்பி, கவனம் சிதறி, இரண்டு விமானங்கள் வானத்தில் மோதுகின்றன. அதோடு முடிந்ததா? ஐந்தாம் சீசன் கடைசியில், ஜெஸ்ஸியை நொறுக்க வேண்டும் என்பதற்காகவே, ஜேன் செத்ததை நின்று பார்த்தேன் என்று வால்டர் அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். 2009-ல் செய்ததற்கு 2013-ல் கணக்கு! இரண்டரை மணி நேரப் படத்தில் இந்தக் கனத்தைக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

கே: கேம் ஆஃப் த்ரோன்ஸ் முடிவை மன்னித்துவிட்டீர்களா?

ப: இல்லை. முதல் சீசனிலேயே நெட் ஸ்டார்க்கின் தலையை வெட்டி, இங்கே யாருக்கும் பாதுகாப்பு இல்லை என்று நம்மை நம்பவைத்த தொடர் அது. முதல் ஆறு சீசன்களுக்குப் பத்துப் பத்து எபிசோட், ஏழாவதுக்கு ஏழு, எட்டாவதுக்கு ஆறு. டெனேரிஸ் நகரத்தைக் கொளுத்தியது தப்பான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன், அவளை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இன்னும் பத்து எபிசோடாவது வேண்டியிருந்தது.

கே: என் பத்து வயது மகன் தி பாய்ஸ் பார்க்க அடம்பிடிக்கிறான். சூப்பர்ஹீரோ தொடர்தானே, விடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். அது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கானது, ரத்தமும் கொடூரமும் கொஞ்சநஞ்சமில்லை. 2018-ல் வந்த ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸைப் போட்டுக் கொடுங்கள், நீங்களும் கூட உட்காருங்கள். காட்டுக்குள் புதிதாக ஸ்பைடர்மேன் ஆன பையன் மைல்ஸும் அனுபவசாலியான பீட்டரும் மரத்துக்கு மரம் தாவும் இடத்தில் மைல்ஸின் அசைவுக்கு நொடிக்கு 12 படமும் பீட்டருக்கு 24 படமும் வரைந்திருப்பார்கள். அதனால்தான் பையன் தடுமாறுகிற மாதிரியும் பெரியவர் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரியும் தெரியும். முதலில் சொல்லாதீர்கள், அவனே கண்டுபிடிக்கிறானா பாருங்கள்.