நடவுக்கு ஆள் கிடைக்கல: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மஞ்சோலை தேயிலைத் தோட்டத்து ஆளுகளுக்கு வேலை போனதைப் பத்தி நீங்க எழுதுனதைப் படிச்சேன், வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும். எங்களுக்கு கல்லிடைக்குறிச்சி பக்கம் மூணு ஏக்கர் வயல். நடவுக்குக் கூப்பிட்டா ஒருத்தரும் வரல, எல்லாரும் நூறு நாள் வேலைன்னு மரத்தடியில உக்காந்துட்டு வந்துருதாங்க. கடைசியில வங்காளத்துப் பையங்க வந்துதான் நட்டாங்க. வேலையில்லாதவங்க 3.2 சதவீதம்தான்னு அரசாங்கமே சொல்லுது. பிறகு எதுக்கு ஏற்றத்தாழ்வு, திண்டாட்டம்னு எழுதுதீங்க? உழைக்க மனசுள்ளவனுக்கு வேலை இருக்கத்தான செய்யுது?

– அம்பாசமுத்திரம் வட்டத்து வாசகர்

தம்பிக்கு,

3.2 சரிதான், 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்புல வந்த நம்பர். 2017-18ல 6.1 இருந்தது, பாதியா குறைஞ்சிருக்கு. ஆனா அந்தக் கணக்குல யாரை வேலையில உள்ளவங்கன்னு எழுதுதாங்கன்னு பாக்கணும்லா? வருஷத்துல 30 நாள் ஏதோ ஒரு வேலை பாத்திருந்தாலே போதும். புருஷன் பெட்டிக்கடையில சம்பளம் இல்லாம சாமான் எடுத்துக் குடுக்க பொம்பளையும் அதுல வேலையில உள்ளவங்கதான். வேலையில இருக்கவங்கள்ல 58 சதவீதம் பேர் சுயதொழில்னு போட்டிருக்கான், உடனே முதலாளின்னு நெனச்சிராதீங்க, தள்ளுவண்டிக்காரரும் அதுலதான் வாராரு. நல்ல வேலை வர வரைக்கும் சும்மா இருக்கதுக்கு வீட்டுல காசு வேணும் தம்பி, அது இல்லாதவன் கிடைச்சதைப் பிடிச்சுக்கிடுவான், கணக்குல அவனுக்கு வேலை இருக்கு.

நம்ம முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுத்துத பொம்பளைங்களையே எடுத்துக்கோங்க. இலையை நனைச்சு ஈரத்துணியில சுத்தி வைக்கணும், தகட்டை வச்சு கத்தரியால ஒண்ணொண்ணா வெட்டணும், பிறகு தூள் வச்சு சுருட்டி நூல் கட்டி வாயை மடக்கணும், கூலி என்னமோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னுதான், இலை வெட்டுன நேரத்துக்குத் தனியா யாரும் தர மாட்டாங்க. இலையை எடை போட்டுக் குடுப்பாங்க, அதுல ஓட்டை இலை எவ்வளவு கிடந்தாலும் சொன்ன எண்ணிக்கை வந்தாகணும், பத்தலைன்னா கைக்காசைப் போட்டு வெளிய இலை வாங்கிச் சுத்த வேண்டியதுதான். கொண்டு போட்டா சரியில்லன்னு கொஞ்சம் கழிப்பாங்க. பல வீட்டுல அம்மாவும் மகளும் சேர்ந்து சுத்துவாங்க, பாஸ்புக் ஒண்ணுதான், பி.எஃப். ஒருத்தி பேருக்குத்தான். அந்த பி.எஃப். பென்ஷன்ல குறைஞ்சபட்சம் 1000 ரூபாய்னு 2014ல வச்சது, இன்னும் அதே ஆயிரம். பீடி மேல தனி வரி போட்டு இவங்களுக்கு வீடு, பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்னு 1976ல இருந்து ஒரு நிதி ஓடிட்டு இருந்துது, 2017ல ஜி.எஸ்.டி. வந்தப்போ அந்த வரியையும் தூக்கிட்டாங்க. (பீடி உடம்புக்குக் கெடுதல்னு எனக்கும் தெரியும். அதை நிறுத்துனா இந்தப் பொம்பளைங்க எங்க போவாங்கன்னுதான் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்காங்க.) இவங்களுக்கு உழைக்க மனசு இல்லைன்னு சொல்ல முடியுமா?

மஞ்சோலையும் அதேதான். சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து கம்பெனி 1929ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை, 2028ல முடியுது, 2024லயே விருப்ப ஓய்வுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. வேலை போனா குவார்ட்டர்ஸும் போச்சு, அப்புறம் அதுல என்ன விருப்பம்? அந்தத் தோட்டத்துக்காரங்க கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலத்துல 1999 ஜூலை 23ல திருநெல்வேலி கொக்கிரகுளத்துல போலீஸ் தடியடியில 17 பேர் ஆத்துல செத்தாங்க, அது நடந்தப்போ நீங்க சின்னப் பையனா இருந்திருப்பீங்க.

இப்ப உங்க நடவுக்கு வாரேன். நூறு நாள் வேலைன்னு பேருதான், நாட்டுச் சராசரி ஒரு வீட்டுக்கு வருஷத்துல அம்பது நாளை ஒட்டித்தான் வந்திருக்கு. மிச்ச முந்நூறு நாளும் அவங்க எங்க போனாங்க? நீங்க கூப்பிடுதது நடவுக்குப் பத்து நாள், களைக்கு நாலு நாள், அறுப்புக்கு மெஷின். வருஷம் பூரா சோறு திங்கணுமே, அதான் திருப்பூர் பஸ் ஏறிட்டாங்க, கேரளா போயிட்டாங்க. வங்காளத்துப் பையங்க வந்ததும் அவங்க ஊர்ல கூலி இதைவிடக் கம்மிங்கறதுனாலதான், நம்மாளுக திருப்பூர் போற அதே கதை.

எனக்கு எரிச்சல் வாரது ஒரே இடத்துலதான். விவசாயிக்கு ஆள் தட்டுப்பாடுன்னா சட்டமே மாறுது. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்தைத் தூக்கிட்டு 2025 டிசம்பர்ல கொண்டுவந்த புதுச் சட்டத்துல நூறை 125 நாளா ஆக்கிட்டு, நடவு அறுப்பு சீசன்ல மொத்தம் 60 நாள் அந்த வேலையை நிறுத்தி வைக்கவும் வழி பண்ணியிருக்காங்க. அதே ஆளுக்கு வேலை தட்டுப்பாடுன்னா மட்டும் சோம்பேறிங்கற பட்டம். 2022-23ல நாட்டு வருமானத்துல 22.6 சதவீதம் மேல இருக்க ஒரு சதவீதம் பேருக்குப் போயிருக்குன்னு உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்குப் போட்டுச் சொல்லுது, அவங்க மரத்தடியில உக்காருதாங்களா ஏசி ரூம்ல உக்காருதாங்களான்னு நாம கேக்கறதே இல்ல.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கு, இல்லைங்கல. உரம் விலை ஏறுது, நெல்லுக்கு விலையை நீங்க வைக்க முடியாது, மூணு ஏக்கர்காரர் கையில என்ன மிஞ்சும்னு எனக்குத் தெரியும். ஆனா கடிதத்துல ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க: நம்மூர் பொம்பளைங்களைக் கூப்பிட்டப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு தாரேன்னு சொன்னீங்க, அந்தப் பையங்களுக்கு ஏக்கருக்கு எவ்வளவு குடுத்தீங்க? அதை எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் அதை வச்சே பேசுவோம்.