கீமோ முடிந்தபின் காய்ச்சல் வந்தால், எந்தக் கிருமி என்று தெரியும் முன்பே ஆன்டிபயாடிக் ஏற்றுவது ஏன்?

உங்கள் அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவுக்குப் பின் 101 டிகிரி காய்ச்சல். ரத்தம் எடுத்த கையோடு மருந்தையும் ஏற்றிவிட்டார்கள், பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இந்த நோயாளிகள் இருக்கும் வார்டில் செவிலியராக வேலை செய்பவள் நான். அவர்கள் செய்ததுதான் சரி.

கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளர்ந்து அடையாளம் தெரிய ஓரிரு நாளாவது ஆகும். அண்ணனிடம் அந்த அவகாசம் இல்லை. கிருமியை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளணு நியூட்ரோஃபில். கீமோவால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அது 500க்குக் கீழே இறங்கிவிட்டால் சூடோமோனாஸ் போன்ற கிருமி சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். காய்ச்சலோடு வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போய்ச் சேர வேண்டும் என்பது அதனால்தான். பிப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபெபிம், மெரோபெனெம் ஆகியவற்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். மூன்றுமே சூடோமோனாஸையும் தாக்கக்கூடியவை. குருட்டாம்போக்கில் போடுவதில்லை. கிருமிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதுமில்லை. கீமோவால் புண்ணான வாய், குடல் வழியாக நம் உடம்பில் ஏற்கெனவே குடியிருப்பவையே ரத்தத்துக்குள் நுழைகின்றன.

இன்னொரு சங்கடம், உடம்பு காட்டிக்கொடுக்காது. சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்கள்தான். அவை இல்லாதபோது சீழும் வீக்கமும் எங்கிருந்து வரும்? நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே தெளிவாக இருக்கலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. அதனால்தான் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். மாத்திரை சூட்டைத்தான் இறக்குகிறது, கிருமியை அல்ல. நள்ளிரவானாலும் முதலில் மருத்துவமனையை அழையுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம். குளிர் நடுக்கம், திடீர்ச் சோர்வு, பேச்சில் குழப்பம் இருந்தாலே அழைக்க வேண்டும். ஆசனவாயில் வெப்பமானி வைக்கவே கூடாது. அங்கே கீறல் விழுந்தால் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துப் போடவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் பொருத்திய கதீட்டர் குழாய் இருக்கும் இடத்தில் தொற்று, தோல் தொற்று, நிமோனியா, ரத்த அழுத்தச் சரிவு போன்ற காரணம் இருந்தால் சேர்ப்பார்கள். மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது நல்ல சிகிச்சை ஆகிவிடாது. சிறுநீரகமும் தாங்க வேண்டும்.

நான்கைந்து நாள் கடந்தும் சூடு தணியாவிட்டால் சந்தேகம் பூஞ்சையின் பக்கம் திரும்பும். நெஞ்சு சி.டி. எடுப்பார்கள், பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் தொடங்கலாம். தணிந்துவிட்டால் எப்போது நிறுத்துவது? முன்பு நியூட்ரோஃபில் 500ஐத் தாண்டும்வரை தொடர்வார்கள். இப்போது சில நாள் காய்ச்சலின்றி நன்றாக இருந்து, கல்ச்சரிலும் எதுவும் வளராவிட்டால் முன்னதாகவே நிறுத்தும் மருத்துவர்கள் உண்டு. அண்ணனுக்கு எது பொருந்தும் என்று நாளைய ரவுண்ட்ஸில் தயங்காமல் கேளுங்கள்.