பந்து எழும்பாத ஸ்பைரோமீட்டரும் சில கடிதங்களும்

போன முறை வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரஷர் மெஷின் பற்றி எழுதினேன். அதைப் படித்தவர்களில் பாதிப்பேர் மூச்சை அளக்கும் கருவிகளைப் பற்றிக் கேட்டு எழுதிவிட்டார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டியவர்களின் திட்டுகளையும் சேர்த்துத்தான்.

“நுரையீரல் கொள்ளளவு அறிய ஸ்பைரோமீட்டர்” என்று ஆன்லைனில் போட்டிருந்ததை 249 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பா. எவ்வளவு தம் கட்டி ஊதினாலும் ஒரு பந்துகூட எழும்பவில்லை. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?
— திருச்சி வாசகர்

பொருள் பழுதில்லை. அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். குழாயை வாயில் வைத்து, உதட்டை நன்றாக மூடிக்கொண்டு, மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். பந்து எழும்பும். எழும்பிய பந்தைச் சில விநாடி அப்படியே நிறுத்திப் பிடிப்பதுதான் பயிற்சி. அவசர அவசரமாகத் தொடர்ந்து இழுத்தால் தலை சுற்றும். இடையில் ஓய்வு கொடுங்கள். டப்பாவோடு ஒரு தாள் வந்திருக்குமே, அதைப் பிரிக்கவே இல்லையா?

ஆனாலும் உங்கள் கோபத்தில் பாதி நியாயம். அந்த டப்பா நுரையீரலின் கொள்ளளவை அளப்பதில்லை. அதன்மேல் 600, 900, 1200 என்று போட்டிருப்பது ஒரு விநாடிக்கு எத்தனை கன சென்டிமீட்டர் வேகத்தில் காற்றை இழுக்கிறீர்கள் என்பதை மட்டும்தான் காட்டுகிறது. நெஞ்சிலோ வயிற்றிலோ ஆப்பரேஷன் ஆனவர்கள் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டிக்கொள்ளும். அது நடக்காமலிருக்க டாக்டர்கள் கொடுக்கும் பயிற்சிக் கருவி இது.

கடைகளில் மூன்று வேறு வேறு பொருள்களை ஒரே பெயரில் விற்கிறார்கள். மூன்று பந்து டப்பா பயிற்சிக்கு. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற கையடக்கக் குழாய், ஒரே வீச்சில் எவ்வளவு வேகமாக ஊதுகிறீர்கள் என்பதை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும், ஆஸ்துமாக்காரர்களுக்கு உதவும். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரோடு இருப்பதுதான் உண்மையான ஸ்பைரோமீட்டர். முழு மூச்சையும் வெளியே தள்ளும்போது மொத்தம் எவ்வளவு வந்தது, முதல் விநாடியில் எவ்வளவு வந்தது என்று அளப்பது அது. விற்பனைப் பக்கத்தில் “கொள்ளளவு அறிய” என்று போட்டது தவறான விவரிப்பு. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915-க்கு அடியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

போனில் ஊதினாலே நுரையீரல் திறனைச் சொல்லும் ஆப். வருடச் சந்தா 999 ரூபாய். கட்டலாமா?
— கோவை

வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எட்டு வயது மகனுக்கு வீசிங். டாக்டர் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கிக் காலையும் மாலையும் எழுதி வைக்கச் சொன்னார். கடையில் 800 வரை உள்ளது, 400 வரை உள்ளது என்று இரண்டு காட்டினார்கள். “பெரிசா வாங்குங்க, வளர்ந்தாலும் உதவும்” என்றார் கடைக்காரர். எதை வாங்குவது?
— சேலம், ஓர் அம்மா

400 வரை உள்ளதை. பையனுக்குப் பள்ளிச் சீருடை எடுப்பதுபோல் இதை வளரும் அளவுக்கு எடுக்கக் கூடாது. சின்னக் குழந்தையின் அளவு பெரிய மீட்டரில் அடிக்கோடியிலேயே நின்றுவிடும். இருபது முப்பது குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டியதே அந்த இருபது முப்பதுதான்.

முள்ளைக் கீழே இறக்கிவிட்டு, பையனை நிற்கவைத்து, நன்றாக மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். உதட்டை மூடிக்கொண்டு ஒரே வீச்சில் ‘ஹஃப்’ என்று ஊதட்டும். நாக்கு துளையை அடைக்கக் கூடாது. பிடித்திருக்கும் விரல் முள் ஓடும் பாதையை மறிக்கக் கூடாது. குழந்தைகள் பெரும்பாலும் தவறுவது இந்த விரலில்தான். மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை எழுதுங்கள். சராசரி எடுக்காதீர்கள். நன்றாக இருக்கும் நாட்களில் வரும் உச்ச அளவைக் கொண்டு டாக்டர் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போட்டுத் தருவார். வழக்கமாக 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50-க்குக் கீழே சிவப்பு. சிவப்பில் விழுந்தால் டாக்டர் சொல்லியிருக்கும் அவசர மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பையன் திணறுவது கண்ணுக்குத் தெரியும்போது மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொன்று. எந்த மீட்டரில் ஆரம்பித்தீர்களோ அதையே தொடருங்கள். நானும் இழுப்புக்காரன்தான். ஊருக்குப் போகும்போது பையில் கிடக்கட்டும் என்று மலிவாக இரண்டாவதாக ஒன்று வாங்கினேன். ஒரே நாள், ஒரே மூச்சு. வீட்டு மீட்டரில் பச்சை, பயண மீட்டரில் மஞ்சள். ரைட் (Wright) என்பவர் பெயரில் வழங்கும் பழைய அளவுகோலில் செய்யப்பட்டவையும், 2004-க்குப் பிறகு வந்த ஐரோப்பிய அளவுகோலில் செய்யப்பட்டவையும் நடுப்பகுதியில் ஒத்துப்போவதில்லை. என்னுடையது எந்த அளவுகோல் என்று டப்பாவிலும் இல்லை, விற்றவருக்கும் தெரியவில்லை. இப்போது அது அலமாரியில் பேனாக்களோடு கிடக்கிறது.

அப்பாவுக்கு பைபாஸ் ஆனது. ஆஸ்பத்திரி பில்லில் மூன்று பந்து கருவிக்கு 950 ரூபாய். எதிரே உள்ள மெடிக்கலில் அதே கம்பெனி, அதே டப்பா, 300. டப்பாவில் எம்ஆர்பி 950 என்றே இருக்கிறது. இது கொள்ளை இல்லையா? வழக்குப் போட முடியாதா?
— மதுரை

கொள்ளைதான். வழக்கு நிற்காது. ஏன் நிற்காது என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். பல வருடமாக வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருக்கும் சமாசாரம் இது.

எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். எம்ஆர்பிக்கு விற்றால் குற்றமில்லை. நாம் எல்லோரும் அந்த எண்ணைப் பெரிய பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதை அச்சடிப்பது யார்? தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோதான். சாதாரண சோப்பில் எம்ஆர்பியை மூன்று மடங்காகப் போட்டால் பக்கத்து சோப்பு விற்றுவிடும். மருத்துவப் பொருளில் கதை தலைகீழ். வாங்குபவர் ஆஸ்பத்திரி, பணம் கொடுப்பவர் நோயாளி. எம்ஆர்பி எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு ஆஸ்பத்திரிக்கு லாபம், அதனால் எம்ஆர்பி கூடிய டப்பாதான் உள்ளே போகும். வெளியே இருக்கும் கடைக்காரருக்கும் அதே எண் வேறு விதத்தில் உதவுகிறது: “68 சதவீதம் தள்ளுபடி சார்!” நாமும் ஏதோ சம்பாதித்துவிட்ட சந்தோஷத்தோடு வருகிறோம்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2021 ஜூலையில் ஐந்து பொருள்களுக்கு வர்த்தக லாபத்தைக் கட்டுப்படுத்தினார்கள்: ஆக்ஸிமீட்டர், பிரஷர் மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர். விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் விலைக்கு மேல் 70 சதவீதம்தான் வைக்கலாம் என்றார்கள். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்ஸிமீட்டர் விற்ற விலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே நாட்களில் மூன்று பந்து டப்பாவுக்கும் கிராக்கி ஏறியது. ஆனால் அந்த ஐந்தின் பட்டியலில் அது இல்லை. மருத்துவக் கருவிகளின் எம்ஆர்பியை ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, உண்மை. முதல் நாளே மூன்று மடங்காகப் போட்டுவிட்டவருக்கு அந்த விதி என்ன செய்யும்?

ஆஸ்பத்திரிகள் தங்கள் மருந்தகத்திலேயே வாங்கச் சொல்வதைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு நடந்தது. 2025 மார்ச்சில், மாநில அரசுகளே கொள்கை வகுக்கட்டும் என்று முடித்துவிட்டார்கள். ஆக, இப்போதைக்கு உங்கள் வாய்தான் ஆயுதம். ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்ததும், “என்னென்ன வெளியிலிருந்து வாங்கி வரலாம், எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். பந்து டப்பா, பெல்ட், காலுறை எல்லாம் பெரும்பாலும் அந்தச் சீட்டில் வந்துவிடும். என் மாமனார் ஆப்பரேஷனின்போது இதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நர்ஸ் சீட்டு நீட்டினார், நாங்களும் எம்ஆர்பியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அண்ணன் ஆப்பரேஷனுக்குப் பிறகு பயன்படுத்திய பந்து கருவி வீட்டில் சும்மா கிடக்கிறது. கழுவிவிட்டு நான் பயன்படுத்தலாமா?
— நாகர்கோவில்

கூடாது. ஒரு டப்பா ஒரு ஆளுக்கு.

அம்மாவுக்குத் தனியார் லேபில் ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். ரிப்போர்ட்டில் நுரையீரல் திறன் 61 சதவீதம் என்று வந்து வீடே அழுதது. பிறகு பார்த்தால் உயரம் 165 செ.மீ. என்று போட்டிருக்கிறது. அம்மா 148 தான். இது முக்கியமா?
— தஞ்சாவூர்

மிக முக்கியம். ஸ்பைரோமீட்டரைக் கண்டுபிடித்த ஜான் ஹட்சின்சன் 1846-இல் லண்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்துக் கண்டறிந்ததே இதைத்தான்: ஆள் உயர உயர மூச்சின் கொள்ளளவும் கூடும். இன்றைக்கும் மெஷின் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் “இவர் இவ்வளவு ஊத வேண்டும்” என்று ஒரு எதிர்பார்ப்புக் கணக்குப் போடுகிறது. சதவீதம் என்பது அந்த எதிர்பார்ப்பில் எவ்வளவு வந்தது என்பதுதான். 148 செ.மீ. அம்மாவிடம் 165 செ.மீ. பெண்ணின் மூச்சைக் கேட்டால் குறைவாகத்தான் வரும். ஊதிய லிட்டர் கணக்கு சரியாக இருந்தாலும் சதவீதம் தப்பு.

லேபுக்குப் போய் உயரத்தைத் திருத்தி மறுபடி அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். கூடவே எத்தனை முறை ஊதவைத்தார்கள் என்று பாருங்கள். குறைந்தது மூன்று நல்ல ஊதல் வேண்டும். சிறந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும். ஒரே ஊதலோடு அனுப்பியிருந்தால் பரிசோதனையையே காசு வாங்காமல் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. மெஷினை மூன்று லிட்டர் சிரிஞ்சு வைத்துச் சரிபார்த்த பதிவையும் கேளுங்கள். கேட்டதும் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

பிசியோதெரபி கிளினிக்குக்காக ஒருவரிடம் பழைய கம்ப்யூட்டர் ஸ்பைரோமீட்டரை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் இல்லை. சாஃப்ட்வேர் லைசென்ஸ் அவர் பெயரில் இருப்பதால் திறக்கவில்லை. சரிபார்க்கும் சிரிஞ்சும் இல்லை. இப்போது அவர் போனை எடுப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
— ஈரோடு

பில் இல்லாமல், ஓட்டிப் பார்க்காமல், லைசென்ஸைக் கேட்காமல் 18,000 ரூபாயை எண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள். மீன் வாங்கினால்கூட செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம்.

வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பதுதான் சட்டம். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. ஒற்றை ஆள் கிளினிக் என்றால் வாதாடிப் பார்க்கலாம். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அதுவே சாட்சி. கையில் கொடுத்திருந்தால் வக்கீல் செலவையும் சேர்த்து இழக்காதீர்கள்.

அப்பா ஸ்பின்னிங் மில்லில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். தெருவில் ‘இலவச நுரையீரல் முகாம்’ போட்டு ஒரு கருவியில் ஊதச் சொன்னார்களாம். “42 சதவீதம்தான் வேலை செய்கிறது” என்று சொல்லி, நுரையீரலைச் சுத்தம் செய்யும் பவுடர் நான்கு டப்பாவை 7,400 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். வயது, உயரம் எதுவும் கேட்கவில்லை. அப்பா வெட்கப்பட்டு எங்களிடமே ஒரு மாதம் சொல்லவில்லை.
— திண்டுக்கல் அருகே, ஒரு மகள்

முதலில் அப்பாவிடம், வெட்கப்பட வேண்டியது அவர் இல்லை என்று சொல்லுங்கள். மூச்சு முட்டும் மனிதனிடம் உன் நுரையீரல் பாதிகூட இல்லை என்று சொன்னால் யார்தான் பையைத் திறக்க மாட்டார்கள்? “நுரையீரல் சுத்தம்” என்று போட்ட மூலிகை டீயை நானே இரண்டு டப்பா வாங்கியிருக்கிறேன். வயிறு மட்டும்தான் சுத்தமானது.

தஞ்சாவூர் பதிலைப் படித்தீர்களானால் புரியும்: வயதும் உயரமும் கேட்காமல் சதவீதம் சொல்லவே முடியாது. அந்த 42 அவர்கள் வாயிலிருந்து வந்த எண். முகாம் நோட்டீஸ், டப்பாக்கள், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 1915-இல் புகார் பதிந்துவிட்டு, விற்றவருக்குப் பதிவுத் தபாலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலே நீங்கள் பேசலாம். பில் கொடுக்காததே சட்டப்படி முறையற்ற வணிகம்.

பவுடரை நிறுத்திவிட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் உண்மையான ஸ்பைரோமெட்ரி எடுங்கள். பஞ்சுத் தூசியால் வரும் ஒரு நுரையீரல் நோய் இருக்கிறது. விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகும் என்பது அதன் பழைய அடையாளம். வேலை பார்த்த காலத்தில் அப்படி இருந்ததா என்று அப்பாவிடம் கேட்டு, டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்; கார்டிங் பிரிவு என்பதையும் சொல்லுங்கள். அது இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ள நோய். அப்பாவுக்கு இஎஸ்ஐ இருந்திருந்தால் பழைய அட்டையைத் தேடி எடுங்கள். 7,400-ஐவிடப் பெரிய தொகை அங்கே இருக்கக்கூடும். ஆணையத்தில் என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

பீக் ஃப்ளோ மீட்டருக்கு இரண்டு வருடக் கூடுதல் வாரண்டி 149 ரூபாயாம். எடுக்கலாமா?
— வேலூர்

வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் ஒரு முள்ளும். முள் தானாக நழுவ ஆரம்பித்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் மீட்டர் மாறிய தேதியை மட்டும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் டாக்டர் மருந்தை மாற்றிவிடப் போகிறார்.