கவுண்டியா, சிட்டியா? சான்டா கிளாரா வாசிகளின் கேள்விகளும் என் பதில்களும்

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் குடிவந்து 22 வருடம் ஆகிறது. வீடு வாங்கியது, பிள்ளை பெற்றது, தம்பி கல்யாணம், ஒரு சாவு என்று எல்லாவற்றுக்கும் கவுண்டி அலுவலக வரிசையில் நின்றவன் நான். அதனால்தானோ என்னவோ, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காபியோடு நின்றால் யாராவது ஒரு கடிதத்தை நீட்டிவிடுகிறார்கள். போன மாதம் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் பலருக்கும் உதவுகிறவை இங்கே.

அண்ணா, சன்னிவேலுக்குப் புதிதாக வந்திருக்கிறோம். கவுண்டி என்றால் என்ன, சிட்டி என்றால் என்ன? எதற்கு யாரிடம் போவது?

நம்மூர் மாவட்டம் மாதிரி என்று நினைத்துக்கொண்டால் பாதி சரி. சான்டா கிளாரா கவுண்டிக்குள் சான் ஹோசே முதல் கில்ராய் வரை 15 ஊர்கள், 19 லட்சத்துக்கு மேல் மக்கள். ஆனால் கலெக்டர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து சூப்பர்வைசர்கள்தான் மேலே. சான்டா கிளாரா என்றே ஒரு சிட்டியும் இருப்பதால் கடிதம் வந்தால் முதலில் 'சிட்டி ஆஃப்' என்று இருக்கிறதா, 'கவுண்டி ஆஃப்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் சொல்லும் குறுக்கு வழி இது: தெருவிளக்கு, குப்பை வண்டி, வீட்டில் புது அறை கட்ட அனுமதி எல்லாம் சிட்டி. பிறப்பு, கல்யாணம், சொத்து, இறப்பு நான்கும் கவுண்டி. டிரைவிங் லைசென்ஸ் மாநிலம். பள்ளிக்கூடம் இந்த மூன்றிலும் சேராது, அதற்குத் தனி வாரியம், தனித் தேர்தல். விடிஏ பஸ்ஸும் தனி அமைப்புதான்.

கூப்பர்டினோவில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஷெரிஃப் கார்தான் சுற்றுகிறது. சிட்டிக்குப் போலீஸ் இல்லையா?

இல்லை. கூப்பர்டினோ, சாரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் மூன்றும் சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளாமல் கவுண்டி ஷெரிஃபுக்குப் பணம் கொடுத்து அந்த வேலையைச் செய்வித்துக்கொள்கின்றன. சன்னிவேலில் நேர்மாறு: ஒரே துறை, போலீஸும் அவர்களே, தீயணைப்பும் அவர்களே. எங்கே இருந்தாலும் அவசரத்துக்கு 911தான்.

அண்ணா, டிசம்பரில் வீடு வாங்கினோம். வரியெல்லாம் எஸ்க்ரோவில், அதாவது வீட்டுக்கடன் தவணையோடு சேர்த்து, கட்டுகிறோம். இப்போது ஏழாயிரம் டாலருக்குத் தனியாக ஒரு பில் வந்திருக்கிறது. மோசடியா?

மோசடி இல்லை. அதுதான் சப்ளிமென்டல் பில். தயவுசெய்து அந்தக் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். நான் போட்டேன். முதல் வீடு வாங்கிய வருடம், வங்கி பார்த்துக்கொள்ளும் என்று அதைச் சமையலறை இழுப்பறையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பத்து சதவீத அபராதத்தோடு அடுத்த கடிதம் காத்திருந்தது. கடன் கொடுத்தவருக்கு போன் போட்டால், "அது எங்களுக்கு வராது, உங்களுக்குத்தான் வரும்" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. இந்த பில் வீட்டுக்காரருக்குத்தான் அனுப்பப்படும். பெரும்பாலும் எஸ்க்ரோவில் சேராது.

ஏன் வருகிறது என்று சொல்கிறேன். 1978-இல் வந்த புரொப்போசிஷன் 13 சட்டப்படி, வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. கை மாறும்போது சந்தை விலைக்குத் தூக்கிவிடுவார்கள். உங்களுக்கு விற்றவர் முப்பது வருடம் அங்கேயே இருந்தவர் என்று வையுங்கள். அவருடைய வரி மதிப்பு 4 லட்சம் டாலர், நீங்கள் வாங்கியது 16 லட்சத்துக்கு. வித்தியாசம் 12 லட்சம். வரி விகிதம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், சுமார் 1.2 சதவீதம் என்று கொண்டால் வருடத்துக்கு 14,400 டாலர். கவுண்டியின் கணக்கு வருடம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. டிசம்பரில் வாங்கினால் ஜனவரியிலிருந்து ஆறு மாதம் பாக்கி, ஆக 7,200. உங்கள் பில்லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் வாங்கியவர்களுக்கு இரண்டு பில் வரும். இரண்டாவதைப் பார்த்து, ஒன்றையே தவறுதலாக மறுபடி அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வழக்கமான வரிக்கு நவம்பர் 1-உம் பிப்ரவரி 1-உம் தவணை தொடங்கும். டிசம்பர் 10, ஏப்ரல் 10 தாண்டினால் அபராதம். சப்ளிமென்டலுக்கு அந்தத் தேதிகள் பொருந்தாது. அது எப்போது தபாலில் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. பில்லிலேயே அச்சாகியிருக்கும் தேதியைப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. வீடு வாங்கிய சில வாரத்தில் அரசாங்கக் கடிதம் போலவே கட்டம் கட்டி, "பத்திர நகலுக்கு இவ்வளவு, வரிவிலக்கு விண்ணப்பத்துக்கு இவ்வளவு" என்று கேட்டுக் கடிதங்கள் வரும். மோசடி என்றால் அவற்றைச் சொல்லலாம். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான வரிவிலக்குக்கு, வரி மதிப்பைப் போடும் கவுண்டி அசெஸர் அலுவலகத்தில் காசு கேட்க மாட்டார்கள். அதில் மிச்சமாவதே வருடத்துக்கு 70 டாலர் சொச்சம்தான். அதற்கு யாருக்கோ கட்டணம் கொடுத்தால் கொண்டாட்டம் அவருக்குத்தான்.

நாங்கள் வாங்கிய பிறகு விலை இறங்கிவிட்டது. வரி மதிப்பைக் குறைக்கச் சொல்லலாமா?

சொல்லலாம். ஜனவரி 1 அன்று உங்கள் வீட்டின் சந்தை விலை எவ்வளவு என்பதுதான் கேள்வி. மே மாதம் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று வாதாட வேண்டாம். முதலில் அசெஸர் அலுவலகத்திடம் மறுபார்வை கேளுங்கள். சரிப்படவில்லை என்றால் ஜூலை 2 முதல் செப்டம்பர் 15-க்குள் முறையான மேல்முறையீடு. வழக்கு நடக்கிறதே என்று வரி கட்டாமல் இருந்துவிடாதீர்கள். கட்டிவிட்டுத்தான் சண்டை. ஜெயித்தால் பணம் திரும்பி வரும்.

என் கல்யாணம் கோயிலில், ஐயர் நடத்தி வைக்கிறார். கவுண்டியில் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா?

வாழ்த்துகள், தம்பி. முகூர்த்தத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் சேர்ந்து கவுண்டி கிளார்க் அலுவலகம் போய்க் கல்யாண லைசென்ஸ் வாங்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு எதுவும் கிடையாது. லைசென்ஸ் 90 நாளுக்குச் செல்லுபடியாகும். கலிஃபோர்னியாவில் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம். தாலி கட்டியதும் ஐயரும் ஒரு சாட்சியும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நாளைக்குள் அதைத் திருப்பி அனுப்புவது ஐயர் பொறுப்பு. அவர் அன்றைக்கே இன்னொரு முகூர்த்தத்துக்கு ஓடிவிடுவார், காகிதம் பழக்கூடைக்கு அடியில் கிடக்கும். தம்பி கல்யாணத்தில் அதைத் தேடி எடுத்தது நான்தான். யாராவது ஒரு சித்தப்பாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் கடைசியில் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பெண் என்ன பெயர் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்பதை லைசென்ஸ் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். அதில் எழுதாவிட்டால் பின்னால் சேர்க்க முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். கவுன்டருக்கு முன்னால் நின்றுகொண்டு அப்பா பெயரா, கணவர் பெயரா என்று யோசித்த ஜோடியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்னால் பத்துப் பேர் வரிசையில். வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

லைசென்ஸ் வேறு, சான்றிதழ் வேறு. விசா வேலைக்குச் சான்றளித்த நகல் வேண்டும். அதைக் கல்யாணம் பதிவான பிறகு தனியாகக் கேட்டுக் காசு கட்டி வாங்க வேண்டும்.

சுற்றிப்பார்க்க வந்திருந்த அப்பா போன வாரம் தவறிவிட்டார். ஊரில் சொத்து, வங்கி வேலைக்கெல்லாம் இங்கே என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

ஆழ்ந்த அனுதாபங்கள். இந்த நேரத்தில் காகித வேலை கொடுமைதான். இறுதிச் சடங்கு நிலையத்தார் இறப்பைப் பதிவு செய்துவிடுவார்கள். எட்டு நாளைக்குள் பதிவாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வீட்டில் திடீரென்று நடந்திருந்தால் கவுண்டி மெடிக்கல் எக்ஸாமினர் விசாரிப்பார். இங்கே மருத்துவர் பார்க்காதவர் என்றால் அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம்.

சான்றிதழ் ஐந்தாறு நகலாக வாங்கிவிடுங்கள். வாங்கும்போது சட்டப்படி உரிமையுள்ளவருக்கான நகல் என்று கேளுங்கள். தகவலுக்கு மட்டும் என்று முத்திரை குத்திய நகலை எந்த வங்கியும் ஏற்காது. இந்தியாவில் காட்ட, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை வேண்டும், அதைக் கொடுப்பது மாநிலச் செயலாளர் அலுவலகம். இங்கேதான் பலர் ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள். சான்றிதழில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். கவுண்டி கிளார்க்-ரெக்கார்டர் என்றால் நேரே அனுப்பலாம். சுகாதார அதிகாரி கையெழுத்து என்றால், அது உண்மைதான் என்று முதலில் கவுண்டி கிளார்க்கிடம் ஒரு சான்று வாங்கி அதோடு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே கதைதான்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நீதிமன்றத்தில் ஜூரி டியூட்டிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. போகாவிட்டால் பிரச்சினையா?

போக வேண்டாம், ஆனால் பதில் போடாமல் இருக்கக் கூடாது. டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் வரும். குடிமகன் அல்ல என்ற கட்டத்தை நிரப்பி அனுப்பினால் முடிந்தது. ஓட்டர் பதிவு விஷயத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். லைசென்ஸ் எடுக்கும்போது திரையில் கேட்பதற்கெல்லாம் 'ஆம்' தட்டாதீர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஓட்டராகப் பதிவு செய்தால் பின்னால் குடியுரிமைக்கே ஆபத்து.

2026 ஏப்ரல் முதல் விற்பனை வரி கூடுதல் என்கிறார்களே, எதற்கு?

2025 நவம்பர் 4 தேர்தலில் மெஷர் ஏ என்ற கவுண்டி விற்பனை வரித் தீர்மானம் ஜெயித்ததல்லவா, அதுதான். நூறு டாலருக்கு அறுபத்திரண்டரை சென்ட் கூடுதல், 2026 ஏப்ரல் 1 முதல் ஐந்து வருடத்துக்கு. வாஷிங்டனில் மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுப் பணத்தை வெட்டியதால் கவுண்டிக்குப் பெரிய துண்டு விழுகிறது. வேலி மெடிக்கல், ஓ'கானர், கில்ராயில் செயின்ட் லூயிஸ், 2025-இல் வாங்கிய ரீஜனல் என்று நான்கு மருத்துவமனைகளை நடத்துகிறது கவுண்டி. காப்பீடு இல்லாதவரும் வந்து நிற்கும் இடம் அது. பொது வரி என்பதால் பணம் பொது நிதிக்குத்தான் போகும், மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை. அதனால் சூப்பர்வைசர்கள் பட்ஜெட் போடும்போது ஒரு கண் வைத்திருங்கள் என்பேன். இந்தியக் கடையில் அரிசி, பருப்புக்கு வரி கிடையாது. பிரஷர் குக்கருக்கும் ஊதுபத்திக்கும் உண்டு.

அம்மா செய்யும் இட்லி மாவையும் பருப்புப் பொடியையும் வீட்டிலிருந்தே விற்கலாமா?

பொடிக்கு வழி இருக்கிறது, மாவுக்கு இல்லை. 2013 முதல் அமலில் இருக்கும் வீட்டுச் சமையலறைத் தொழில் சட்டத்தில், ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத பண்டங்களுக்கு மட்டும்தான் அனுமதி. மாநிலம் போட்ட பட்டியலில் உலர்ந்த மசாலாக் கலவைகள் உண்டு. புளித்த ஈரமாவு வெளியே இருந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்கே தெரியும். ஊறுகாய்க்கும் இதில் இடமில்லை. கவுண்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் பதிவு செய்ய வேண்டும். நேரே வாடிக்கையாளருக்கு விற்க ஏ வகுப்பு, கடைக்குப் போட பி வகுப்பு. பி என்றால் சமையலறையை வந்து பார்ப்பார்கள்.

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பாவது கொளுத்தலாமா, மாமா?

கூடாது. கில்ராயில் மட்டும் ஜூலை 4-ஐ ஒட்டிய சில நாட்களுக்கு அனுமதி, அதுவும் பாதுகாப்பான வகை மட்டும். தீபாவளி அந்தக் கணக்கில் வராது. காட்டுத்தீ பார்த்த ஊர், அதில் எனக்கு வருத்தமில்லை.

மாமனார், மாமியார் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள். வயதானவர்களுக்குக் கவுண்டி ஏதாவது செய்கிறதா?

60 வயது தாண்டியவர்களுக்கு மதியச் சாப்பாட்டுத் திட்டம் இருக்கிறது. மையத்தில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசிச் சாப்பிடலாம். வருமானம் கேட்பதில்லை, முடிந்ததைக் கொடுக்கலாம். சாப்பாட்டைவிடப் பேச்சுத் துணைக்குத்தான் அனுப்பச் சொல்கிறேன். பக்கத்தில் எங்கே என்று 211 என்ற உதவித் தகவல் எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள்.

கராஜில் பழைய பெயிண்ட் டப்பா, டியூப்லைட், பேட்டரி குவிந்துவிட்டன. எங்கே போடுவது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். கவுண்டியின் ஆபத்தான வீட்டுக் கழிவுத் திட்டத்தில் முன்பதிவு செய்துகொண்டு போனால் குடியிருப்பவர்களுக்கு இலவசம். பாலோ ஆல்டோக்காரர்களுக்கு அவர்கள் ஊரிலேயே தனி ஏற்பாடு. டப்பாக்களை ஒரு அட்டைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து டிக்கியில் வையுங்கள், வேறு சாமான் அங்கே வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் டிக்கியைத் திறந்துவிட்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.