மிஷா மன்சூர் வந்த வழி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் புரோகிரெசிவ் மெட்டல், அதாவது கனத்த கிட்டாரும் சிக்கலான தாளக் கணக்கும் கொண்ட ராக் இசை, பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திருகோணமலை மாவட்டத்திலிருந்துதான். மகிழ்ச்சி. நான்கு கடிதங்களை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 19 வயது. ஒரு கிட்டார், ஒரு பழைய லப்டொப், ஒரு சின்ன அறை, இவ்வளவுதான் இருக்கிறது. கூட வாசிக்க ஊரில் ஆள் இல்லை. பெரிஃபெரி குழுவின் மிஷா மன்சூர் மாதிரி வாசிக்கவும் வேண்டும், மற்றவர்களின் ஆல்பங்களைத் தயாரித்துக் கொடுக்கவும் வேண்டும். அவர் எப்படித் தொடங்கினார்? — வாசகர், உவர்மலை

தம்பி, நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில்தான் அவரும் தொடங்கினார். அமெரிக்காவில் வாஷிங்டன் டி.சி. பக்கத்து ஆள். வீட்டில் தனியாக இருந்து கிட்டார் வாசித்துப் பதிவுசெய்து, டிரம்ஸை ஒவ்வொரு அடியாகக் கொம்பியூட்டரில் எழுதி, எல்லா ஒலியையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸையும் தானே பண்ணி, 'பல்ப்' என்ற பெயரில் இணையத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். முடிந்த பாட்டும் வரும், அரைகுறையும் வரும். அதைக் கேட்டுக் கேட்டே ஒரு கூட்டம் சேர்ந்தது.

2005 இல் பெரிஃபெரியைத் தொடங்கினார். முதல் ஆல்பம் வந்தது 2010 இல். இடையில் போன ஐந்து வருடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாடகர்கள் மாறி மாறி வந்து போனார்கள். இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த ஸ்பென்சர் சொட்டேலோ, ஆல்பம் வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சேர்ந்தார். குழு இப்படி ஆடிக்கொண்டிருந்த நேரத்திலும் மன்சூர் பதிவுசெய்வதை நிறுத்தவில்லை. 2009 இல் எட்டுத் தந்திக் கிட்டார் வாசிக்கும் டோசின் அபாசியின் 'அனிமல்ஸ் அஸ் லீடர்ஸ்' முதல் ஆல்பத்தைத் தயாரித்ததும் அவர்தான். அதில் டிரம்மர் என்று ஒருவரே இல்லை, அத்தனையும் மன்சூர் புரோகிராம் செய்தது. அந்த இரண்டு பேரின் வேலையைக் கேட்டுத்தான் இன்னொரு தலைமுறையே கிட்டாரைக் கையில் எடுத்தது என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆகவே ஊரில் ஆள் இல்லை என்பதை ஒரு பெரிய தடையாக நினைக்காதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இன்னொரு அமெரிக்க மெட்டல் குழுவான ட்ரீம் தியேட்டரின் கிட்டார் கலைஞர் ஜோன் பெட்ரூச்சி பொஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் படிக்கப் போனவர். அங்கே 1985 இல் குழு தொடங்கியது. 1999 ஆல்பத்தை அவரும் டிரம்மர் மைக் போர்ட்னோயும் சேர்ந்து தயாரித்தார்கள், 2011 முதல் அவர் தனியாகவே தயாரிக்கிறார். அது குழுவுக்குள் இருந்து படிப்படியாக ஏறிய வழி. மன்சூர் தயாரிப்பிலேயே தொடங்கியவர். உங்கள் நிலைமைக்கு மன்சூரின் வழிதான் கிட்ட வரும் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தொடங்கியதை முடியுங்கள். பதினைந்து விநாடி ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) நூறு வைத்திருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், ஆனால் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை டிரம்ஸ், பேஸ், மிக்ஸ் என்று கடைசிவரை கொண்டுபோய் வெளியில் விட்டவர்கள் குறைவு. ஒரு பாட்டை முடிக்கும்போதுதான் எங்கே கை பிசகுகிறது, எந்தப் பகுதி சலிப்பூட்டுகிறது, கிட்டாருக்கும் பேஸுக்கும் எங்கே சண்டை என்பதெல்லாம் காதில் விழும். அந்தக் காதைத்தான் நாளைக்கு மற்றவர்கள் காசு கொடுத்துக் கேட்டு வருவார்கள்.

கேள்வி: வாசிக்கும்போது நன்றாக இருக்கிறது, பதிவுசெய்து கேட்டால் சேறு மாதிரி இருக்கிறது. அவர்கள் கிட்டார் மட்டும் எப்படி இவ்வளவு கெட்டியாக ஒலிக்கிறது? — வாசகர், நிலாவெளி

முதலில் கெயினை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை, பாதியாகக் குறையுங்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது அதிக டிஸ்டோர்ஷன் சுகமாக இருக்கும், பதிவில் அது எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஆம்ப் சிமுலேட்டருக்கு (ஆம்ப்ளிஃபயரின் ஒலியைத் தரும் மென்பொருளுக்கு) முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் ஒன்றைப் போட்டு, டிரைவைக் கிட்டத்தட்டப் பூச்சியத்திலும் லெவலைக் கூட்டியும் வையுங்கள். அது அடித்தொனியைச் சற்று வெட்டிவிடுவதால் ஆம்புக்குள் போகும் ஒலி இறுகும். இந்த வகை இசையில் அநேகமாக எல்லோரும் செய்வது இதைத்தான்.

அடுத்தது, ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் வையுங்கள். ஒன்றை வாசித்துக் கொப்பி பண்ணி இரண்டு பக்கமும் போட்டால் வேலைக்காகாது, இரண்டும் அச்சொட்டாக ஒன்றாக இருப்பதால் ஒலி நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு வாசிப்புக்கும் இடையில் இருக்கும் மயிரிழை வித்தியாசம்தான் அந்த அகலத்தைத் தருகிறது. வித்தியாசம் மயிரிழைக்கு மேல் போனால் சேறு. அதனால் வலக்கை உள்ளங்கையைத் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜில் எந்த இடத்தில் அழுத்துகிறீர்கள், ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில் விழுகிறதா என்பதை மெட்ரோனோம் போட்டுப் பழகுங்கள்.

கிட்டாரின் கனம் என்று நாம் நினைப்பதில் பாதி உண்மையில் பேஸ் கிட்டாரின் கனம். சாதாரண ஆறு தந்திக் கிட்டாரின் அடித்தந்தி 82 ஹேர்ட்ஸ். பெரிஃபெரி அதிகம் பாவிக்கும், அடித்தந்தியைச் சீ வரை இறக்கும் ட்ரொப் சீ சுருதியில் அது 65. பேஸ் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. மிக்ஸில் கிட்டாரை 80 ஹேர்ட்ஸ் வாக்கில் கீழ்ப்பக்கம் வெட்டிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்த மாதிரி இருக்கும், பேஸோடு சேர்ந்தால் சரியாக வந்து உட்காரும்.

அப்புறம் நம்முடைய ஊர்ப் பிரச்சினைகள் இரண்டு. கடற்காற்று தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும், துருப்பிடித்த தந்தியில் சுருதியும் நிற்காது, தெளிவும் வராது. வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் மேலும் கீழும் துடைத்து, கிட்டாரைப் பெட்டிக்குள் வையுங்கள். முடிந்தால் மேற்பூச்சுப் பூசிய தந்தி வாங்குங்கள். மற்றது கரண்ட். உங்கள் பதிவில் ஓர் இரைச்சல் கேட்டு, தந்தியைத் தொட்டதும் அது அடங்கிவிட்டால், முதலில் மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியென்றால் கிட்டாரைப் பிடித்தபடி கதிரையை மெல்லச் சுற்றிப் பாருங்கள். பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) திரும்பும் பக்கத்தைப் பொறுத்து இரைச்சல் நன்றாகக் குறையும் ஒரு திசை அகப்படும்.

கேள்வி: மகன் உயர்தரம் எழுதிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு நடுச்சாமம்வரை கிட்டாரும் கொம்பியூட்டருமாக இருக்கிறான். கேட்டால் புரொடியூசர் ஆகப்போகிறேன் என்கிறான். இது சோறு போடுமா? — தாயார் ஒருவர், அலஸ்தோட்டம்

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. நேராகவே சொல்கிறேன். மெட்டல் குழு சோறு போடாது. மன்சூரே தங்கள் குழுவால் பெரிய வருமானம் இல்லை என்று பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் அவர்கள் 2017 கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள், உலகம் சுற்றி வாசிப்பவர்கள்.

ஆனால் அவர் பட்டினி கிடக்கவில்லை. ஜாக்சன் நிறுவனம் அவர் பெயரில் கிட்டார் விற்கிறது. குழு நண்பர்களோடு சேர்ந்து டிரம்ஸ் ஒலிகளை மென்பொருளாக விற்கும் கெட்குட் டிரம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2019 ஆல்பத்தைக் குழு தன் சொந்த லேபலிலேயே வெளியிட்டது. பேஸ் வாசித்த அடம் கெட்குட், 2017 இல் மேடையை விட்டுவிட்டுத் தயாரிப்பு வேலையையே முழுநேரமாக்கிக்கொண்டார். பதிவும் மிக்ஸும் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது, அம்மா. இங்கேயும் கோயில் பஜனைப் பதிவு, தேவாலயப் பாடகர் குழு, கலியாண வீடியோவுக்கு ஒலி சரிசெய்வது, கொழும்பு விளம்பரங்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களின் பாட்டுக்கு இங்கிருந்தே மிக்ஸ் பண்ணிக் கொடுப்பது என்று வழிகள் உண்டு.

ஆகவே இரண்டு காரியம். படிப்பை விட விடாதீர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம்முடைய ஊர் வளாகத்திலேயே கணினி விஞ்ஞானம் படிக்கலாம், இசைதான் என்று நின்றால் மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அதோடு, இந்த வருடத்துக்குள் வேறு யாருக்காவது ஒரு பதிவு செய்து, சின்னத் தொகை என்றாலும் கூலி வாங்கி வரச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் காசு கொடுத்தால் அவன் போகும் திசை உங்களுக்கும் அவனுக்கும் தெரிந்துவிடும். நடுச்சாமச் சத்தத்துக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், அது அவன் வேலைக்கும் வேண்டிய சாமான்தான்.

கேள்வி: நான் தவில் படிக்கிறேன். நண்பன் ஸ்வீடன் நாட்டு மெஷுகா குழுவைப் போட்டுக் காட்டினான். இதுவும் நம்முடைய கணக்குப் போலத்தானே இருக்கிறது? — வாசகர், தம்பலகாமம்

பாதி சரி. மன்சூர் போன்றவர்கள் படித்த பள்ளிக்கூடமே மெஷுகாதான், ஆகவே நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். டிரம்மர் தொமஸ் ஹாக்கேயின் கையைக் கவனியுங்கள், சிம்பலில் நான்கு நான்காகத் தாளம் போய்க்கொண்டே இருக்கும். காலோ கிட்டாரின் ஒற்றைப்படைக் கணக்கோடு ஓடும்.

உங்கள் பாஷையில் சொல்வதானால், எட்டு அட்சர ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் (சுற்று), அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வரும் சதுஸ்ர நடையில் 64 மாத்திரை. அதற்குமேல் ஏழு மாத்திரைச் சொற்கட்டை ஓட விட்டால் ஒன்பது தடவை வந்து 63 இல் நிற்கும், ஒன்று மிஞ்சும். மெஷுகா பாணியில் அந்த மிச்சத்தைப் பற்றிக் கவலை இல்லை. பத்தாவது தடவையைத் தொடங்கி, ஒரு மாத்திரையிலேயே வெட்டிவிட்டுத் தலையிலிருந்து பிடிப்பார்கள். அந்த வெட்டுத்தான் அவர்களுடைய முரட்டு அழகு. நீங்களோ சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) ஒரு மாத்திரை விட்டு எடுத்து, ஒன்பது ஏழையும் வாசித்துச் சமத்தில் கொண்டுவந்து இறக்குவீர்கள். இரண்டையும் கிட்டார் வாசிக்கிற அந்த நண்பனோடு அடுத்தடுத்து வாசித்து, கைபேசியில் என்றாலும் பதிவுசெய்து கேளுங்கள். எது உங்களை இழுக்கிறது என்று எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் விரிவாகப் பேசலாம்.