மவுண்டா, ஷார்ட்ஸ்டாப்பா?

அன்புள்ள சார்,

வணக்கம். பந்துவீச்சு, பேட்டிங் இரண்டும் செய்யும் ஜப்பானிய பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஒஹ்தானியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் டாலஸ் பக்கம் இருக்கிறோம். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டுமே. மகனுக்கு 15 வயது. ஏழு வயதிலிருந்து பேஸ்பால் ஆடுகிறான். பள்ளி அணியில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), வாரத்தில் ஒருநாள் பிட்சர் (மவுண்ட் என்கிற மேட்டில் நின்று பந்து வீசுபவன்). கோடையில், ஊர் ஊராகப் போய் டோர்னமென்ட் ஆடும் டிராவல் டீமிலும் அதேதான். இப்போது மணிக்கு 84 மைல் வேகத்தில் வீசுகிறான். டிராவல் டீம் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவனுடைய எதிர்காலம் மவுண்டில்தான். பேட்டிங்கை விட்டுவிட்டு பிட்சர் மட்டும் ஆகட்டும். இப்போதே முடிவெடுத்தால் காலேஜ் வாய்ப்பு நிச்சயம்" என்கிறார். பையனுக்கோ ஷார்ட்ஸ்டாப்தான் உயிர். "ஒஹ்தானி ரெண்டும் பண்றாரே" என்று கேட்கிறான். என் மனைவிக்கு முழங்கை பயம். தெரிந்தவர் வீட்டுப் பையனுக்கு 17 வயதில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, பிட்சிங்கே வேண்டாம் என்கிறாள்.

மூன்று பேரும் மூன்று பக்கம் இழுக்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?

அன்புடன்,
ர., டெக்சஸ்

அன்புள்ள ர.,

யார் பேச்சைக் கேட்பது என்பதைவிட, யார் எங்கே நின்றுகொண்டு பேசுகிறார்கள் என்று பாருங்கள். கோச் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டிராவல் டீம் கோச்சுக்கு, நன்றாக எறியத் தெரிந்த எந்தப் பையனும் பிட்சராகத்தான் தெரிவான். வார இறுதி டோர்னமென்ட் என்றால் இரண்டு மூன்று நாளில் நான்கைந்து ஆட்டம். வெள்ளிக்கிழமை முழுதாக வீசியவனை ஞாயிற்றுக்கிழமை தொடக் கூடாது. ஆகவே அவருக்குப் பிட்சர்கள் கட்டுக்கட்டாக வேண்டும். ஷார்ட்ஸ்டாப் ஒருவன் போதும், அவனே எல்லா ஆட்டமும் நின்றுவிடுவான்.

அப்புறம் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன். அமெரிக்காவில் இருந்தபோது நான் இந்த டோர்னமென்ட்களுக்குப் போனதுண்டு. பேட்டிங் நடக்கும்போது, ஆள் தேடி வரும் ஸ்கவுட்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். புதுப் பிட்சர் மவுண்டில் ஏறியதும் கம்பிவலைக்குப் பின்னால் வரிசையாகக் கைகள் உயரும். ஒரே பந்தில் ஒரு எண் கிடைத்துவிடும். பேட்டிங் அப்படி இல்லை. ஒரு பையன் நல்ல பந்தை அடிக்கிறானா, கெட்ட பந்தை விடுகிறானா என்று தெரிய, நல்ல பிட்சர்களுக்கு எதிரே அவனை நாலைந்து ஆட்டமாவது பார்க்க வேண்டும். 84 என்பது கோச் கையில் இருக்கும் எண். உங்கள் பையனின் மட்டைக்கு அப்படி எண் எதுவும் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதை இரண்டு சமமான கதவுகள் என்று நினைத்துக் குழம்புகிறீர்கள். அவை சமம் இல்லை. களத்திலிருந்து மவுண்டுக்குப் போகிற கதவு வெகுகாலம் திறந்தே இருக்கும். மவுண்டிலிருந்து பேட்டிங்குக்குத் திரும்புகிற கதவு சீக்கிரம் சாத்திக்கொள்ளும்.

டிரெவர் ஹாஃப்மன் 1989இல் டிராஃப்டில் (மேஜர் லீக் அணிகள் சுற்றுச்சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்குத் தேர்வானது ஷார்ட்ஸ்டாப்பாக. மேஜர் லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீகில் மட்டை பேசவில்லை. 1991இல், 23 வயதில், அவரைப் பிட்சராக மாற்றினார்கள். 601 சேவ்களோடு (முன்னிலையில் இருக்கும் அணியின் வெற்றியைக் கடைசியில் வீசிக் காப்பது சேவ்) ஓய்வு பெற்று, 2018இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். குராசாவோ தீவுக்காரரான கென்லி ஜான்சன் டாட்ஜர்ஸின் மைனர் லீகில் ஆண்டுக்கணக்காகக் கேட்சராக (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) இருந்தவர். 2009 உலக பேஸ்பால் கிளாசிக்கில் நெதர்லாந்துக்குக் கேட்சராக ஆடினார். அதே வருடம் பிட்சராக மாற்றப்பட்டு, அடுத்த வருடமே மேஜர் லீகில் வீசினார். இன்று அவர் கணக்கில் 400க்கும் மேல் சேவ்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜேக்கப் டிகிராம் கதை. ஃபுளோரிடாவின் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப். மூன்றாம் வருடத்தில்தான் ஒழுங்காகப் பிட்சிங்கே தொடங்கினார். காலேஜில் அவர் அடித்தது ஒரே ஒரு ஹோம் ரன், அதுவும் பின்னாளில் பெரிய பிட்சரான கிறிஸ் சேல் பந்தில்! 2010இல் ஒன்பதாம் சுற்றில் நியூயார்க் மெட்ஸ் எடுத்தது. 2018இலும் 2019இலும் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 20 வயதுக்கு மேல் மவுண்டுக்கு வந்த ஆள் இவர். உங்கள் கோச் 15 வயதிலேயே அவசரப்படுகிறார்.

இந்தியாவிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 2008இல் ஒரு திறன்தேடல் போட்டியில் கண்டெடுக்கப்பட்ட ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிபவர்கள். அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதில்லை. அந்த வருடமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. மேஜர் லீக் வரை அவர்கள் போகவில்லை, ஆனால் ரிங்கு சிங் மைனர் லீகில் சில சீசன்கள் வீசினார். எறியும் கையை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் போகலாம். அப்படி ஈட்டிக்காரர் ஒருவரைப் பிடித்து வந்து பேட்டராக்கலாம் என்று யாரும் போட்டி வைக்கவில்லை. வைக்கவும் மாட்டார்கள்.

காரணம் எளிது. 95 மைல் வேகப் பந்து பேட்டர் நிற்கும் தட்டுக்கு வந்துசேர ஏறக்குறைய 0.4 விநாடி. அதற்குள் பந்து எந்த வகை, எங்கே விழும், அடிக்கலாமா விடலாமா என்று கண்ணும் கையும் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடுதல் வேகமான, கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும் பந்துகளைச் சந்தித்துச் சந்தித்துத்தான் அது வரும். 15இலிருந்து 18 வரை அதை நிறுத்தினால் சாதகம் விட்ட பாட்டுக்காரர் குரல் மாதிரி ஆகிவிடும்.

எதிர்ப்பக்கம் போனவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், பெரிய பெயர்களாகவே. பேப் ரூத் பாஸ்டனில் இடதுகைப் பிட்சராகத்தான் வந்தார். 1916இல் 23 வெற்றி, 1917இல் 24. 1918இல் இரண்டையும் செய்யத் தொடங்கி, 1919 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸுக்கு விற்கப்பட்டு, 1920இல் கிட்டத்தட்ட முழுநேர பேட்டராகி, அந்த ஒரே வருடத்தில் 54 ஹோம் ரன் அடித்தார். ஸ்டான் மியூசியல் 1940இல் டேடோனா பீச்சில் மைனர் லீக் பிட்சர், 18 வெற்றி. வீசாத நாட்களில் அவுட்ஃபீல்டில் நிற்பார். அப்படி நின்றபோது ஒரு கேட்சுக்குப் பாய்ந்து தோளைக் காயப்படுத்திக்கொண்டார். பிட்சிங் போயிற்று. அதன்பின் பேட்டராக 3,630 ஹிட்.

அப்புறம் ரிக் ஆன்கியெல். 2000இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காக 21 வயதில் 194 ஸ்டிரைக் அவுட் (பேட்டரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றுவது) எடுத்த பையன். அந்த அக்டோபரில் அட்லாண்டாவுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில், ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்டு பிட்ச், அதாவது கேட்சர் கைக்கே எட்டாமல் தாறுமாறாகப் போன பந்துகள். பந்து எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் கட்டுப்பாடு முழுதாகத் திரும்பவே இல்லை. 2005இல் பிட்சிங்கை விட்டு அவுட்ஃபீல்டராக மைனர் லீகில் மறுபடி தொடங்கினார். 2007 ஆகஸ்டில் மேஜர் லீகுக்குத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன்.

இந்த மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. பிட்சராக இருந்த காலத்திலும் மூவரும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. ஆன்கியெல் ஆடிய நேஷனல் லீகில் அன்று பிட்சரும் பேட் செய்தாக வேண்டும். கிரிக்கெட்டில் பதினோராவது ஆளும் மட்டையோடு இறங்குவதுபோலத்தான். அமெரிக்கன் லீகில் 1973இலேயே பிட்சருக்குப் பதில் வேறொருவர் அடிக்கும் டி.எச். விதி வந்துவிட்டது. 2022இல் நேஷனல் லீகிலும் வந்தது. உங்கள் பையன் பிட்சர் மட்டும் என்று ஆகிவிட்டால் இனி அவன் மட்டையைத் தொட வேண்டிய அவசியமே எங்கும் இல்லை. ஆன்கியெல் திரும்பி வந்த வழி இன்று அடைபட்ட வழி.

கேசி கெல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் பையனின் நிலைமை அச்சாக அவருடையது. 2008இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை முதல் சுற்றில் எடுத்தது. அணிக்கு அவர் பிட்சராக வேண்டும், அவருக்கோ ஷார்ட்ஸ்டாப் ஆசை. பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். 2009 சீசனின் முதல் பாதி பிட்சர், இரண்டாம் பாதி ஷார்ட்ஸ்டாப். பிட்சிங் பிரமாதம், பேட்டிங் சுமார். சீசன் முடிந்ததும் அவரே பிட்சிங்கைத் தேர்ந்துகொண்டார். அதன்பின் பாதை சுலபமாக இல்லை. சான் டியேகோவுக்கு மாற்றப்பட்டார், முழங்கை ஆபரேஷன் ஆயிற்று, மேஜர் லீகில் நிலைக்கவில்லை. கடைசியில் கொரியாவின் எல்ஜி ட்வின்ஸில் பல வருடம் முக்கியப் பிட்சராக இருந்து 2023இல் கோப்பையும் வென்றார். எனக்குப் பிடித்தது அவர் முடிவெடுத்த விதம். ஆசையை யாரும் வெட்டிவிடவில்லை. பெரியவர்களின் பந்துக்கு எதிரே நின்று பார்த்து, தன் மட்டை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டபின் விட்டார். அப்போது அவருக்கு 20 வயது.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானின் கிழிந்த முழங்கைத் தசைநாருக்குப் பதிலாக அவருடைய மற்றக் கையிலிருந்து நாண் எடுத்து வைத்துத் தைத்தார். டாமி ஜான் பேராலேயே அழைக்கப்படும் அந்த ஆபரேஷன் இன்று பள்ளிப் பிள்ளைகள் வரை வந்துவிட்டது. ஒரு பிட்சர் ஆட்டத்துக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இதைச் செய்துகொண்டால் வேகம் கூடும் என்று நம்பும் பெற்றோர்கூட இருக்கிறார்கள், அது கட்டுக்கதை. ஹன்டர் கிரீன் பள்ளியில் பிட்சர், ஷார்ட்ஸ்டாப் இரண்டுமாக இருந்து 2017இல் இரண்டாவது ஆளாகத் தேர்வானவர். பிட்சர் மட்டும் என்று ஆனபின் 2019இல் அவருக்கும் இதே ஆபரேஷன். ஆகவே "ஒன்றை மட்டும் செய்தால் கை தப்பிக்கும்" என்று கோச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் பிட்சிங்கையே விட்டுவிடு என்பதும் அதிகம். முழங்கையைக் கெடுப்பது அளவும் ஓய்வின்மையும்.

அளவுக்குக் கணக்கு இருக்கிறது. மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியின்படி 15, 16 வயதுக்கு ஒருநாளில் 95 பந்துதான் உச்சம். 76ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் நான்கு மாதமாவது போட்டியில் பிட்ச் செய்யக் கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக எறிவதே கூடாது. பிட்ச் செய்யாத நேரத்தில் கேட்சராகவும் நிற்கக் கூடாது. டெக்சஸ் வெயில் வருடம் முழுக்க ஆடவிடும், அதுதான் அங்கே தொல்லை.

ஒஹ்தானியைப் பற்றிப் பையனிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். ஜப்பானில் நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ் அவரை இரண்டும் செய்யவிட்டபோது, வாரத்துக்கு ஒருமுறைதான் பிட்சிங். அமெரிக்காவில் ஏஞ்சல்ஸில் முதல் வருடம் பிட்ச் செய்யும் நாளுக்கு முந்தின நாளும் மறுநாளும் பேட்டிங்கே கிடையாது. அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தும் இரண்டுமுறை முழங்கை ஆபரேஷன். லூயிவில் பல்கலைக்கழகத்தின் பிரெண்டன் மெக்கே காலேஜில் இரண்டிலும் கொடிகட்டிப் பறந்து, 2017இல் நான்காவது ஆளாகத் தேர்வாகி, 2019இல் மேஜர் லீகுக்கு வந்தார். பிறகு தோள் காயம், ஆபரேஷன், இன்னொன்று. ஒஹ்தானியைப் பார்த்து ஆசைப்படலாம், அட்டவணை போட முடியாது.

என் யோசனை: பள்ளி முடியும்வரை மட்டையை விடாதிருக்கட்டும். பிட்சிங் வாரத்தில் ஒருநாள், அளவோடு. வீசிய மறுநாள் ஷார்ட்ஸ்டாப்பில் நின்று நீளமாக எறிய வேண்டாம், டி.எச். ஆக அடித்தால் போதும். ஷார்ட்ஸ்டாப்பும் நிரந்தரம் இல்லை என்று அவனுக்கு இப்போதே தெரியட்டும். பள்ளியில் அங்கே நின்ற பலர் காலேஜில் செகண்ட் பேஸுக்கோ அவுட்ஃபீல்டுக்கோ போகிறார்கள். 17இல் 90 மைலைத் தொட்டு, பேட்டிங்கும் சுமாராகிவிட்டால், அப்போது பிட்சராகட்டும். எதையும் இழந்திருக்க மாட்டான். காலேஜ் வாய்ப்பு "நிச்சயம்" என்று 15 வயதில் யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோச்சிடம் சண்டை வேண்டாம். "அடுத்த வருடம் பேசுவோம்" என்று சொன்னால் போதும். ஆனால் ஒரு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி கோச் பள்ளியில் வீசிய பந்தை எண்ணுவார், டிராவல் கோச் டிராவலில் வீசியதை. இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் யாரும் இல்லை. கிரிக்கெட் ஸ்கோர் எழுதிப் பழகியவர்தானே நீங்கள்? தேதி, எந்த அணி, எத்தனை பந்து, அடுத்து எப்போது வீசலாம். ஒரு நோட்டில் நாலு பத்தி போதும். டோர்னமென்ட் நடுவில் அவனைக் கூப்பிட்டால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களே அணி உட்காரும் டக்அவுட்டுக்குப் போங்கள்.