வாசகர் கேள்வி – பதில்: நாலு நிமிடத்துக்குள் ஒரு ஜாம்

கே: ஸ்பின் டாக்டர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பம் 'பாக்கெட் ஃபுல் ஆஃப் கிரிப்டோனைட்டை' மறுபடி கேட்டேன். ஜாம் பேண்ட் (மேடையில் பாட்டை நீட்டி, கற்பனையில் விரித்து வாசிக்கும் குழு) என்கிறார்கள். ஆனால் முக்கால்வாசிப் பாட்டு நாலைந்து நிமிடத்தில் முடிகிறது, எல்லாம் வாயில் ஒட்டிக்கொள்கிறது. இதில் ஜாம் எங்கே இருக்கிறது? – வாசகர், தஞ்சாவூர்

ப: திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடியை நினைத்துப் பாருங்கள். சுவாமி புறப்பாட்டில் வீதி வீதியாக விரிந்த ராகம் அது. 78 சுற்று இசைத்தட்டிலோ ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்தான். சுருங்கியது நேரம், வாசிக்கிற கை அதே கைதான். இந்த ஆல்பத்திலும் அதுவே நடந்திருக்கிறது. நியூயார்க்கின் வெட்லேண்ட்ஸ் கிளப்பில் பாட்டை நீட்டி நீட்டி வாசித்துப் பழகிய நால்வர், ஸ்டூடியோவில் உதிரியை வெட்டிவிட்டு முதுகெலும்பை மட்டும் வைத்தார்கள். கிறிஸ் பேரன் பாட்டு, எரிக் ஷெங்க்மன் கிட்டார், மார்க் ஒயிட் பேஸ் (கீழ்ச்சுர கிட்டார்), ஆரன் காமெஸ் ட்ரம்ஸ்.

பல்லவியை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். 'வாட் டைம் இஸ் இட்', 'ரெஃப்ரிஜிரேட்டர் கார்' இரண்டும் இதற்குத் தோது. ஒயிட் ஒரே வரியைத் திரும்ப வாசிப்பதுபோல இருக்கும். கவனித்தால் முடிப்பு மாறிக்கொண்டே போகும். மொபைல் ஸ்பீக்கரில் இது காதில் விழாது. பேஸின் அடிச்சுரங்களை அது விழுங்கிவிடும், பல்லவி மட்டும் மிஞ்சும். 'வெறும் ரேடியோ பாட்டு' என்று இந்த ஆல்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் மட்டமான ஸ்பீக்கருக்கும் பங்கு உண்டு. சாதாரண ஒயர் ஹெட்போன் போதும்.

வெளிப்படையான ஜாம் வேண்டுமென்றால் பத்தாவது பாட்டு, 'ஷின்போன் ஆலி / ஹார்ட் டு எக்ஸிஸ்ட்'. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். சுமார் 50 நிமிட ஆல்பத்தில் கால்வாசியை இதுவே எடுத்துக்கொள்கிறது. ஹிட் பாட்டோடு நிறுத்திவிடுகிறவர்கள் இதுவரை வருவதில்லை. 1992-ல் வந்த நேரடிப் பதிவு 'ஹோம்பெல்லி க்ரூவ்' அடுத்துக் கேட்க வேண்டியது. முதல் ஆல்பத்துப் பாட்டுகள் சில அதிலும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் எதை வெட்டினார்கள் என்று புரிந்துவிடும்.

கே: இந்த ஆல்பம் வந்த உடனே ஹிட்டா? – வாசகர், மயிலாடுதுறை

ப: இல்லை. 1991 ஆகஸ்டில் வந்தது. அடுத்த வருடம்தான் ஏற ஆரம்பித்தது. 1993-ல் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 3-ம் இடம், 'டூ பிரின்சஸ்' பாட்டு அமெரிக்காவில் 7-ம் இடம்.

கே: 'டூ பிரின்சஸ்' கிட்டாரில் வாசிக்கிறேன். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சரிதான், ஆனால் பஜனை மாதிரி கேட்கிறது. – கல்லூரி மாணவர், மன்னார்குடி

ப: சரணத்தில் வருவது டி, பி மைனர், ஏ, ஜி. நாலே கார்டு. தவறு இடது கையில் இல்லை, வலது கையில். ஆறு தந்தியையும் ஒவ்வொரு அடிக்கும் முழுசாக அடிக்கிறீர்கள், கார்டு மணி மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஷெங்க்மனின் வாசிப்பில் சத்தத்தைவிட இடைவெளி முக்கியம்.

ஒரு அடிக்கு 'தகதிமி' என்று நாலு எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். வலது கை த-வுக்குக் கீழே, க-வுக்கு மேலே என்று நிற்காமல் போய்வர வேண்டும். தந்தியில் படாவிட்டாலும் கை நிற்கக் கூடாது. இடது கையை அழுத்தியே வைத்திருக்காமல், கார்டு ஒலித்த உடனே விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் தளர்த்துங்கள். 'சக்' என்ற வறட்டு ஓசை வரும். அதுதான் உங்களுக்குக் குறைகிறது. விரலை முழுசாக எடுத்துவிட்டால் திறந்த தந்திகள் உளறும்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 104 அடியை ஒட்டி. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 70-ல் வைத்து, ஒரே கார்டில் பத்து நிமிடம் அந்த 'சக்' ஓசையை மட்டும் பழகி, நாலு நாலாக ஏற்றுங்கள். பி மைனருக்கு இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தி 'பார்' பிடிக்க வலித்தால் பி மைனர் செவன் போதும்: ஐந்து, மூன்று, ஒன்றாம் தந்திகளை இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள், நாலாவதும் இரண்டாவதும் திறந்தே இருக்கும், ஆறாவதை அடிக்க வேண்டாம். மெல்லிய பிக், 0.6 மி.மீ. அளவில், இதற்கு நல்லது. தடித்த பிக் தந்தியில் சிக்கும்.

கே: தவில் படிக்கிறேன். ட்ரம்ஸில் எதைக் கவனிக்க? – வாசகர், கும்பகோணம்

ப: அந்த 'டூ பிரின்சஸ்' ட்ரம்ஸில்தான் தொடங்குகிறது. அதை வாயால் சொல்லிப் பாருங்கள். பிறகு ஸ்நேரில் (சடசடவென ஒலிக்கும் சின்ன ட்ரம்) பெரிய அடிகளுக்கு நடுவே விழும் சின்னத் தட்டல்களைத் தேடுங்கள். ஓடுகிற உணர்வு அவற்றிலிருந்து வருகிறது.

கே: இந்த ஆல்பத்தின் பழைய கேசட் கிடைத்தது. டேப் ஓரத்தில் வெள்ளைப் பூசணம். போட்டுக் கேட்கலாமா? – வாசகர், வேதாரண்யம்

ப: அப்படியே போடாதீர்கள். பூசணம் பிளேயரின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் முனை) ஒட்டி, அடுத்து போடுகிற கேசட்டுக்கும் பரவும். ஐப்பசி, கார்த்திகை ஈரமும் உங்கள் ஊர் உப்புக் காற்றும் சேர்ந்தால் அலமாரியில் சும்மா இருந்தாலே வந்துவிடும்.

காற்றுப் புகாத டப்பாவில் 50 கிராம் சிலிக்கா ஜெல்லோடு நாலு நாள் வையுங்கள். வெயிலில் காயவைப்பது கூடாது, ஓடு வளைந்து டேப் மாட்டிக்கொள்ளும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் உட்கார்ந்து, பென்சிலால் மெதுவாகச் சுற்றியபடி வெளியே தெரியும் டேப்பைப் பஞ்சு இல்லாத உலர்ந்த துணியால் தொட்டும் தொடாமலும் துடையுங்கள். டேப் வருகிற இடத்தில் ஸ்பாஞ்சோடு சின்னத் திண்டு இருக்கும். ஸ்பாஞ்ச் பிசினாகி அது விழுந்திருந்தால் மேல்சுரம் மங்கிவிடும். வேண்டாத கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டலாம்.

பிளேயரின் ஹெட்டை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்ட பட்ஸால் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் ஒரு துளி போதும். இவ்வளவுக்கும் பிறகு மங்கலாகக் கேட்டால் ஹெட் கோணம் மாறியிருக்கும். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகை கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, சிம்பல் ஓசை தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள். டால்பி (இரைச்சல் குறைப்பு) பட்டன் அப்போது அணைந்திருக்கட்டும்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மைக் துளையில் செருகாதீர்கள், லைன்-இன் துளை வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல். ஐம்பது நிமிடத்துக்கு 850 எம்.பி. அளவு வரும். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் 'ஊம்' என்ற மின் இரைச்சல் பெரும்பாலும் போய்விடும்.